உறுமி, தப்பு அடிகளை வைத்து எட்டுப் பேருக்கு ஒரு தாளக்குழு உருப்படி எழுதுவது எப்படி?

செந்தூல்_தாளம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஓர் இசைக் கல்லூரியில் தாளவாத்தியம் படிக்கிறேன். ஆண்டிறுதி நிகழ்ச்சிக்கு எட்டுப் பேர் வாசிக்கும்படி பத்து நிமிட உருப்படி ஒன்று எழுத வேண்டும். கூடப் படிப்பவர்கள் மரிம்பா, ஸ்நேர், டாம்டாம் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு நம் உறுமி மேளத்தையும் தப்பையும் (பறை) அடித்தளமாக வைத்து எழுத வேண்டும் என்று ஆசை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிற எல்லார் காதிலும் இருக்கிற சத்தம் அது. எங்கள் கல்லூரி மேடையில் மட்டும் நான் அதைக் கேட்டதே இல்லை.

கையில் இருப்பவை: தப்பு இரண்டு, உறுமி ஒன்று, தவில் ஒன்று, ஜால்ரா. கல்லூரியில் டாம்டாம்கள், பாஸ் டிரம், ஒரு மரிம்பா கிடைக்கும். வாசிக்கப் போகிறவர்களில் மூன்று பேர் தமிழர், மற்றவர்கள் மலாய்க்காரரும் சீனரும். எல்லாரும் நோட்டேஷன் பார்த்து வாசிப்பார்கள். உறுமி யாருக்கும் பழக்கமில்லை.

என் சிக்கல் இதுதான். உறுமி மேளப் பதிவுகளை மெதுவாக ஓடவிட்டு ஒவ்வோர் அடியாக எழுதி எடுத்துவிட்டேன். கணினியில் அதை ஒலிக்கவிட்டால் அடியெல்லாம் சரியாக இருக்கிறது, உயிர் மட்டும் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பிறை_உறுமி

தங்கச்சி, நான் பட்டர்வொர்த் பக்கம், சின்ன வயசுலேர்ந்து உறுமிதான் அடிக்கிறேன். நீங்க எழுதி எடுத்தது தவில் அடியா, உறுமி அடியா? பதிவுல கேட்டா தவில்தான் முன்னாடி நிக்கும், உறுமி அடியில போயிடும். ஆனா கூட்டத்தை இழுத்துட்டுப் போறது உறுமிதான்.

உறுமியில ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு வேலை. ஒரு பக்கம் குச்சியால அடிக்கிறது. மறுபக்கம் வளைஞ்ச குச்சியைத் தோல்ல அழுத்தி இழுக்கிறது. அழுத்தம் கூடுனா சத்தம் மேல ஏறும், விட்டா கீழ இறங்கும். அந்த இழுப்பு ஒரு எண்ணிக்கையில கிளம்பி அடுத்த எண்ணிக்கையைத் தாண்டிப் போய் முடியும். கம்ப்யூட்டர்ல நீங்க அதை ஒரு புள்ளியா வெச்சிருப்பீங்க. அதை ஒரு கோடா வரையணும், ஏறி இறங்குற கோடு.

இன்னொண்ணு. பினாங்குத் தண்ணீர்மலைக்குக் காவடி ஏறும்போது வேகத்தை நாங்களா முடிவு பண்றதில்ல. காவடி எடுக்கிறவர் கால் எப்படி விழுதுன்னு பார்த்து எங்கள்ல ஒருத்தர் ஏத்துவார், மத்தவங்க அவர் கையைப் பார்ப்போம். உங்க மேடையில காவடி இருக்காது. அப்போ யாரைப் பார்த்து ஏத்துறது? முதல்ல அதுக்கு ஒரு பதில் வெச்சுக்கிட்டு எழுத உக்காருங்க.

---

பாயான்_டீச்சர்

பிறை அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். பினாங்கில் மலாய்த் தோழிகளோடு சேர்ந்து கொம்பாங் கற்றவள் நான். கொம்பாங்கில் எல்லார் கையிலும் ஒரே மாதிரி ஆட்டுத்தோல் பறைதான். ஆனால் எல்லாரும் ஒரே அடியை அடிப்பதில்லை. மெலாலு, மெஞெலாங், மெங்ஙானாக் என்று மூன்று பகுதியாகப் பிரிந்து, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் விழுவார். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் ஓட்டையாக இருக்கும். சேர்ந்தால்தான் தாளம்.

நம் கும்மி நடையை இதில் போட்டுப் பாருங்கள். 6 மாத்திரைச் சுற்று, அதாவது ஒரே அளவில் ஆறு சின்னத் துடிப்பு. முதலாமவர் 1, 3, 5-இல் அடிக்கட்டும். இரண்டாமவர் 1, 4. மூன்றாமவர் 2, 6. மூன்றும் சேர்ந்தால் ஆறு மாத்திரையும் நிறைந்துவிடும், முதல் மாத்திரையில் மட்டும் இரண்டு பேர் கூடுவார்கள். கேட்கிறவர் சில சமயம் அதை மூன்று இரண்டாகக் கேட்பார், சில சமயம் இரண்டு மூன்றாகக் கேட்பார். கும்மியில் கைதட்டும் காலடியும் ஒன்றையொன்று இழுக்கிற அழகு அப்போது வந்துவிடும். நீங்கள் ஒரு பாட்டை எடுத்து மேடையேற்ற வேண்டிய தேவையே இல்லை.

எட்டுப் பேரும் தப்படியைச் சேர்ந்தே அடித்தால் ஒரு நிமிடம் பிரமாதமாக இருக்கும். இரண்டாவது நிமிடம் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

---

பிரிக்பீல்ட்ஸ்_மிருதங்கம்

நல்ல இழை. கணக்குப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். முடிவுக்கு ஒரு மோரா (ஒரே சொற்கட்டை மூன்று முறை சொல்லி முடிக்கும் கணக்கு) இருந்தால் நோட்டேஷன் பழகிய பிள்ளைகளுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, 8 எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு 4 வைத்தால் 32 மாத்திரை. "ததிகிணதொம்" 5 மாத்திரை. அதை மூன்று முறை சொல்லி நடுவில் இரண்டு இரண்டு மாத்திரை இடைவெளி விட்டால் 5 + 2 + 5 + 2 + 5 = 19. ஆக 13 மாத்திரை வழக்கமான நடையில் போய்விட்டு 14-ஆவதில் மோராவை எடுத்தால், முடிந்த கையோடு சமத்தில் (அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கையில்) வந்து நிற்கும்.

இதை எட்டுப் பேரும் ஒன்றாக வாசிக்க வேண்டாம். முதல் ததிகிணதொம் தப்பில், இரண்டாவது தவிலில், மூன்றாவது எல்லாரும். இடைவெளி இரண்டு மாத்திரையும் சுத்தமான மௌனமாக இருக்க வேண்டும். ஜால்ராவையும் நிறுத்துங்கள்.

---

பிறை_உறுமி

ஐயா, கணக்கு நல்லா இருக்கு. ஆனா தெருவுல நாங்க அப்படி முடிக்கிறதில்ல. முன்னால நிக்கிறவர் கையைத் தூக்குவார், ஒரு அடி போட்டு நிறுத்துவோம். எப்ப தூக்குவார்னு அவருக்கே அந்த நேரத்துலதான் தெரியும். 14-ஆவது மாத்திரைன்னு முன்கூட்டியே எழுதி வெச்சா அந்தப் பதற்றம் போயிடும். கேக்குறவனுக்கும் அது தெரியும்.

---

பிரிக்பீல்ட்ஸ்_மிருதங்கம்

அண்ணே, நாட்டுப்புற மேளத்தில் கணக்கே கிடையாது என்று யாராவது படித்துவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன். நையாண்டி மேளத்தில் தவில்காரர் வைக்கிற தீர்மானங்களை (முடிவுக் கணக்குகளை) கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதற்றம் வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். எழுதிய கணக்கும் தூக்கிய கையும் ஒரே உருப்படியில் இருக்கலாம். எப்படி என்று யோசிப்போம்.

---

பழைய_கேசட்

இந்த வழியில் முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கியூபாவின் அமாதேயோ ரோல்தான் 1930-இல் எழுதிய ரீத்மிகாஸ் வரிசையில் 5-ஆவதும் 6-ஆவதும் முழுக்க முழுக்கத் தாளவாத்தியங்களுக்கு எழுதப்பட்டவை. மேற்கத்திய மேடையில் தாளவாத்தியங்கள் மட்டுமே வாசிக்கும் உருப்படிகளில் மிகப் பழையவை என்று அவற்றைச் சொல்வார்கள். அவர் செய்தது என்ன? கிளாவே, போங்கோ, குயிரோ, மராக்கா போன்ற தெரு வாத்தியங்களை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் எப்படி ஒலி எழுப்ப வேண்டும் என்பதை நுணுக்கமாக எழுதிவைத்தார். தப்பின் இடத்தில் டாம்டாமை வைத்து ஒப்பேற்றுகிற வேலை அங்கே இல்லை.

அமெரிக்கரான ஸ்டீவ் ரைக் 1970-இல் கானாவுக்குப் போய் எவே மக்களின் முரசு கற்றார். திரும்பி வந்து 1971-இல் முடித்த உருப்படியில் எவே அடி எதையும் எடுத்துப் போடவில்லை. 12 மாத்திரைச் சுற்றில் முதலில் ஓர் அடி, மற்றதெல்லாம் மௌனம். சுற்று திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொரு மௌனமாக எடுத்துவிட்டு அங்கே ஓர் அடியை வைத்துக்கொண்டே போவார். இந்த முறை தப்புக்கு அருமையாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஹங்கேரியின் பேலா பார்த்தோக் ஊர் ஊராகப் போய் நாட்டார் பாட்டுகளைப் பதிவு செய்தவர். நாட்டார் இசையை மூன்று விதமாக எடுத்தாளலாம் என்பார். மெட்டை அப்படியே எடுத்துச் சுற்றிலும் இசை சேர்ப்பது, அதுபோல ஒன்றைப் புதிதாகச் செய்வது, எதையும் எடுக்காமல் அதன் வாசனை முழுக்கத் தன் இசையில் ஊறிவிடுவது. செந்தூல் தங்கச்சி, நீங்கள் எழுதி எடுத்து வைத்திருப்பது முதல் வகைக்கான சரக்கு. கேட்பது மூன்றாவதை. அந்தத் தூரத்தைக் கடக்கக் கணினி உதவாது. உறுமிக்காரர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

---

கிள்ளான்_மைந்தன்

ஒரு விஷயத்தை நேராகவே கேட்டுவிடுகிறேன். தப்பு என்றால் எங்கள் தோட்டத்தில் சாவு வீட்டுக்குத்தான் வரும். அந்த அடியைக் கல்லூரி மேடையில் கைதட்டலுக்காக அடிப்பது சரியா? என் அம்மா அந்தச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்விடுவார்.

---

பிறை_உறுமி

நியாயமான கேள்வி. சாவு அடி வேற, சாமி அடி வேற, ஆட்டத்துக்கு அடிக்கிறது வேற. கல்யாண வீட்டுல யாராவது சாவு அடி கேட்டா நான் அடிக்க மாட்டேன். தங்கச்சி எடுத்திருக்கிற பதிவு எந்த இடத்துலேர்ந்து வந்ததுன்னு முதல்ல விசாரிக்கணும். பெரியவர் யார்கிட்டயாவது போட்டுக் காட்டுங்க, ஒரு நொடியில சொல்லிடுவாங்க.

---

பாயான்_டீச்சர்

கிள்ளான் தம்பி, அம்மாவின் மனசு புரிகிறது. ஆனால் தப்பைச் சாவோடு மட்டும் முடிச்சுப் போட்டதும், அடித்தவர்களைக் கீழே தள்ளியதும் சேர்ந்தே நடந்தவை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என்று உரைகாரர்கள் சொல்வார்கள். சாமிக்கும் போருக்கும் அறுவடைக்கும் அடித்த வாத்தியக் குடும்பம் இது. மேடைக்கு வருவதில் ஒரு குறையும் இல்லை. யாரிடம் கற்றோமோ அவர் பெயரை நிகழ்ச்சித் தாளில் உருப்படி எழுதியவர் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள், வந்து சொல்லிக்கொடுத்ததற்குப் பணமும் கொடுங்கள். மேற்கத்திய வாத்தியம் கற்றுத் தருகிறவருக்கு மணிக்கு இத்தனை வெள்ளி என்று கொடுக்கிறோம். தப்பு சொல்லிக்கொடுக்கிறவருக்கு மட்டும் ஒரு துண்டும் பழத்தட்டும் போதுமா?

---

மரிம்பா_ரசிகன்

அப்படியானால் ஐந்திணையை வைத்து ஐந்து பகுதி எழுதலாமே! குறிஞ்சிக்கு ஒரு தாளம், முல்லைக்கு ஒரு தாளம். அழகான வடிவம் கிடைக்குமே.

---

பழைய_கேசட்

கேட்க அழகுதான். ஆனால் பத்து நிமிடத்தை ஐந்தாக வெட்டினால் ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். உறுமி சூடாகவே அவ்வளவு நேரம் ஆகிவிடும். தொண்டகப் பறை எப்படி ஒலித்தது என்று கேட்டவரும் நம்மிடையே இல்லை. தலைப்பு மட்டும் பழசாக இருக்கும், இசை எங்கிருந்தோ வந்ததாக இருக்கும். செந்தூலில் கேட்டு வளர்ந்த சத்தத்திலிருந்தே வடிவம் வரட்டும்.

---

ஜொகூர்_பிள்ளை

வடிவத்துக்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சீனப் பள்ளிகளில் வாசிக்கும் 24 பருவ முரசுகளைப் பார்த்திருப்பீர்கள். 1988-இல் எங்கள் ஜொகூர் பாருவில் பிறந்தது அது, 2009-இல் தேசிய மரபாக அறிவிக்கப்பட்டது. சீன நாட்காட்டியின் 24 பருவங்களுக்கும் ஆளுக்கொரு முரசு, ஒவ்வொன்றிலும் பருவத்தின் பெயர் தூரிகையால் எழுதியிருக்கும். முரசு என்னவோ சிங்க நடன முரசுதான். சிங்க நடன அடிகளோடு அவர்கள் நின்றுவிடவில்லை. விதைப்பு, மழை, அறுவடை என்று உழவனின் ஆண்டை எடுத்துக்கொண்டு புதிதாக எழுதுகிறார்கள். கையை ஓங்குவது, விளிம்பில் தட்டுவது, உடம்பு திரும்புவது எல்லாமே இசையில் சேர்த்தி.

உங்கள் குழுவில் இருக்கும் சீன நண்பர்களில் யாராவது பள்ளியில் அதை வாசித்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கேட்டுப் பாருங்கள். மனப்பாடமாக, ஒருவரை ஒருவர் பார்த்து வாசிக்கும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். பிறை அண்ணன் கேட்ட "யாரைப் பார்த்து ஏற்றுவது" என்ற கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடியும்.

---

செந்தூல்_தாளம்

அனைவருக்கும் நன்றி. இரண்டு பேர் 24 பருவ முரசு வாசித்தவர்கள்தானாம்! பதிவை எங்கள் கோயில் பெரியவர் ஒருவரிடம் போட்டுக் காட்டினேன், சாமி அடிதான் என்றார். வரைவு இப்படி வந்திருக்கிறது.

தொடக்கத்தில் இரண்டு தப்பு மட்டும், மேடையின் இரண்டு மூலையில். 16 மாத்திரைச் சுற்றில் ஓர் அடியில் தொடங்கி, மௌனங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போகிறேன். சுற்று நிறைந்ததும் ஜால்ரா சேர, டீச்சர் சொன்ன 6 மாத்திரைப் பின்னல் மூன்று டாம்டாம்களில். நடுவில் தவில். பிறகு உறுமி வந்து எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய் வேகம் ஏறி முடிவு.

சிக்கல் இரண்டு. மரிம்பாவை என்ன செய்வது? ஒரே ஒரு உறுமி எட்டுப் பேர் நடுவில் காணாமல் போகிறது, அதற்கு என்ன செய்வது?

---

பழைய_கேசட்

மரிம்பாவை எடுத்துவிடுங்கள். கல்லூரியில் இருக்கிறது என்பதற்காக ஒரு வாத்தியம் மேடையில் நிற்க வேண்டாம். எட்டுப் பேருக்குள் முடிய, உறுமி வருகிற இடத்தில் தவில்காரரை பாஸ் டிரம்முக்கு அனுப்புங்கள். ரப்பர்ப் பந்து ஒன்றைக் குச்சி நுனியில் செருகி, பாஸ் டிரம் தோலில் அழுத்தி இழுத்தால் அடிவயிற்றிலிருந்து முனகுகிற மாதிரி ஒரு நீண்ட ஒலி வரும். தாளவாத்தியக்காரர்கள் பல காலமாகச் செய்கிற உத்தி இது. அதுவும் உரசல், உறுமியும் உரசல். இரண்டும் பேசிக்கொள்ளட்டும். உறுமி இழுக்கும்போது பாஸ் டிரம் பதில் சொன்னால், காணாமல் போன உறுமி இரண்டு மடங்காகிவிடும்.

---

பாயான்_டீச்சர்

அருமையான யோசனை. இன்னொன்றும் செய்யுங்கள். உறுமி வருகிற இடத்தில் மற்றவர்களைக் குறையுங்கள். வந்ததும் டாம்டாம் மூன்றும் விளிம்புக்குப் போகட்டும், தப்பில் சிண்டுக்குச்சி (மெல்லிய நீளக் குச்சி) மட்டும் மெல்லத் தட்டட்டும். பொதுவாக உறுமியின் முனகல் கீழ்ச் சுருதியில்தான் இருக்கும், அங்கே அதற்குப் போட்டியாக யாரும் நிற்கக் கூடாது.

தப்புக்கு நோட்டேஷன் எழுதும்போது மூன்று கோடு போதும். இரண்டு குச்சியும் சேர்ந்து விழுவது நடுக்கோடு, அடிகுச்சி (தடித்த குட்டைக் குச்சி) கீழ்க்கோடு, சிண்டு மேல்கோடு. உறுமிக்கு மட்டும் ஏறி இறங்கும் கோடாகவே வரையுங்கள். ஆனால் ஒத்திகையின் முதல் பாதியில் காகிதத்தைக் கொடுக்காதீர்கள். சொல்லாகச் சொல்லி, வாயில் ஏறிய பிறகு கொடுங்கள். காகிதம் கையில் வந்துவிட்டால் கண் அங்கேயே போய்விடும், எதிரே இருப்பவர் கையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

---

மரிம்பா_ரசிகன்

மரிம்பா போவதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் காரணம் சரி. ஒரு நடைமுறைக் கேள்வி: தப்பை மண்டபத்தில் எப்படிக் காய்ச்சுவீர்கள்? உள்ளே நெருப்பு மூட்ட விட மாட்டார்களே.

---

பிறை_உறுமி

வெளியில காய்ச்சிட்டு உள்ள கொண்டு போங்க. மழை நேரம்னா தோல் தொளதொளன்னு ஆயிடும், அப்போ முடி காய வைக்கிற மெஷினைத் தூரத்துலேர்ந்து பிடிச்சு மெதுவா சூடு காட்டலாம். ஒரே இடத்துல பிடிக்காதீங்க, தோல் வெடிச்சிடும். ஏர்கான் மண்டபத்துல காத்து காய்ஞ்சு இருக்கும், உள்ள போனதும் சத்தம் கொஞ்சம் ஏறும். அதனால சீக்கிரமே உள்ள வெச்சு, ஏர்கான் ஓடும்போதே ரெண்டு தப்பையும் ஒத்துப் பாருங்க. ஒண்ணு கீழ, ஒண்ணு மேலன்னு வித்தியாசம் தெரியணும். ஃபைபர் தோல் தப்பு கிடைச்சா இந்தத் தொல்லை இல்ல, ஆனா மாட்டுத்தோல் சத்தம் அதுல வராது. உங்க ஆரம்பம் ரெண்டு தப்பு மட்டும்தான்னு சொல்றீங்க, அப்போ தோல் தப்புதான் வேணும்.

---

செந்தூல்_தாளம்

மரிம்பாவை எடுத்துவிட்டேன். ரப்பர்ப் பந்துக் குச்சி செய்து பார்த்தோம். பாஸ் டிரம்மும் உறுமியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கிற இடம்தான் இப்போது முழு உருப்படியிலும் எனக்குப் பிடித்த இடம்.

கடைசிக் கேள்வி முடிவைப் பற்றி. மிருதங்கம் ஐயா சொன்ன 19 மாத்திரை மோராவும் வேண்டும், பிறை அண்ணன் சொன்ன கை தூக்குதலும் வேண்டும். வேகம் ஏறுகிற சுற்றை எத்தனை முறை என்று எழுதாமல் விட்டுவிட்டு, உறுமிக்காரர் கை தூக்கினால் மோராவுக்குப் போகலாம் என்று வைத்தால் சரியாக வருமா?

---

பிரிக்பீல்ட்ஸ்_மிருதங்கம்

வரும். கை தூக்கிய ஆவர்த்தனத்திலேயே மோராவை எடுக்கச் சொல்லாதீர்கள், பின்னால் நிற்பவர் தவறவிடுவார். கை தூக்கினால் அந்த ஆவர்த்தனம் முடியட்டும், அடுத்ததில் 13 மாத்திரை நடை, பிறகு மோரா. கடைசித் "தொம்" முடிந்து வரும் சமத்தில் உறுமி மட்டும் ஒரு நீண்ட இழுப்பு. மற்ற ஏழு பேரும் கையை எடுத்துவிட வேண்டும்.

---

பிறை_உறுமி

இது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா உறுமி அடிக்கிறவர் ரெண்டு கையும் வேலையா இருக்கும்போது எதைத் தூக்குவார்? எங்க குழுவுல தூக்குறது வேற ஆள். உங்ககிட்ட ஜால்ராக்காரர் இருக்கார்ல, அவரை நடுவுல நிக்க வைங்க. உறுமி தலையை ஆட்டினா ஜால்ரா மேல போகட்டும், எல்லாருக்கும் தெரியும், சத்தமும் கேக்கும்.

வர்ற மாசம் கோலாலம்பூர் வர்றேன், ஒரு நாள் உங்க ஒத்திகைக்கு வந்து நிக்கிறேன். உறுமி எடுக்கப் போறது யாருன்னு முடிவு பண்ணி, வளைஞ்ச குச்சியை அவர்கிட்ட இப்பவே கொடுத்துடுங்க. தினமும் இழுத்துப் பழகட்டும். அடி ஒரு வாரத்துல வந்துடும், இழுப்புக்குத்தான் நாள் பிடிக்கும்.